பெயர் போட்ட சட்டைக்கு ஓர் இணையக் கருவி: தொடங்கும் முன் படித்துவிடுங்கள்

2025 தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அச்சுக் கடையிலிருந்து 60 சட்டைகள் வந்து இறங்கின. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்களுக்கானவை. கட்டைப் பிரித்து மேலே இருந்த சட்டையை விரித்தேன். முதுகில் ‘சேவைக் குழு’ என்று இருக்க வேண்டும். ச முதலில் நின்றது, அதன் கொம்பு பின்னால் நின்றது. வ வந்து, அதற்கும் பின்னால் ஐகாரக் கொம்பு. அறுபதிலும் அப்படியே.

இத்தனைக்கும் குழுத் தலைவர் என் இணையப் பக்கத்தில் தட்டியபோது எழுத்து சரியாகத்தான் தெரிந்தது. அவர் பார்த்து ஒப்புக்கொண்டதும் சரியான எழுத்தைத்தான். சட்டைக்கு 13 ரிங்கிட் வீதம் 780 ரிங்கிட் செலவழித்து மறுபடி அடித்துக் கொடுத்தேன். பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தமிழில்தான் போட வேண்டும் என்று ஆசையாகக் கேட்டு வந்தவர்களுக்குப் பிழையான தமிழைக் கொடுக்க இருந்தோமே என்பதுதான் பல நாள் உறுத்தியது.

அதன் பிறகு கருவியை அடியிலிருந்து மாற்ற நான்கு மாதம் ஆனது. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இப்போது இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த நான்கு மாதம் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கருவி என்று நான் சொல்வது இதைத்தான்: வாடிக்கையாளர் சட்டையின் நிறத்தைத் தேர்ந்து, பெயர், எண், படம் வைத்து, எப்படி வரும் என்று திரையில் பார்த்து, அங்கேயே பணம் கட்டும் பக்கம்.

1. முதலில் அச்சுக் கடைக்குப் போங்கள்

பெரும்பாலோர் திரையிலிருந்து தொடங்குகிறார்கள். சட்டைப் படம் சுழல வேண்டும், பொத்தான் அழகாக இருக்க வேண்டும் என்று அதிலேயே இரண்டு மாதம் போய்விடும். நானும் அப்படித்தான் போனேன். உண்மையில் உங்கள் கருவி தயாரிப்பது ஒரே ஒரு பொருளை: அச்சுக் கடைக்குப் போகும் கோப்பு. அந்தக் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் திரையில் எதைக் காட்டலாம் என்று சொல்ல முடியும்.

கடையில் உட்கார்ந்து இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த முறையில் அடிக்கிறீர்கள்? அதிகபட்ச அகலம் எத்தனை சென்டிமீட்டர்? கோப்பு பிஎன்ஜியா, பிடிஎஃபா? கழுத்துப் பட்டிக்குக் கீழே எவ்வளவு இடம் விட வேண்டும்? (பெரும்பாலான கடைகளில் ‘நான்கு விரல்’ என்பார்கள். அதை அளந்து சென்டிமீட்டராகக் குறித்துக்கொள்ளுங்கள்.) ஒரே சட்டை என்றாலும் அடிப்பீர்களா? தப்பு வந்தால் யார் செலவு?

முறையைப் பொறுத்து கருவியின் வடிவமே மாறும். சில்க்ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வலைச் சட்டம் கட்ட வேண்டும். எல்லாச் சட்டையிலும் ஒரே படம் என்றால் மலிவு. ஆளுக்கொரு பெயர் என்றால் கட்டுப்படியாகாது. டிடிஎஃப் முறையில் படச்சுருளில் அடித்து, பசைத்தூள் தூவி, சூட்டில் துணியில் ஒட்டுகிறார்கள். ஒரு சட்டைக்கு ஒரு பெயர் என்றாலும் செலவு அதேதான், அதனால் பெயர் போடும் கருவிக்கு இதுதான் பொருத்தம். சப்ளிமேஷன் வெளிர்நிற பாலியஸ்டரில்தான் பிடிக்கும். பந்து விளையாட்டு ஜெர்சிக்கு நல்லது; பருத்திச் சட்டைக்கு ஆகாது. கருவியில் பருத்திச் சட்டையைத் தேர்ந்தவருக்கு சப்ளிமேஷன் பொத்தானே தெரியக் கூடாது.

டிடிஎஃப் பற்றி ஒரு எச்சரிக்கை. கருப்புத் துணியில் நிறம் தெரிய அடியில் வெள்ளை மை வைக்கிறார்கள். நிழல், மங்கல், பாதி ஊடுருவும் விளிம்பு எல்லாம் அந்த வெள்ளையின் மேல் அழுக்குப் பட்டை மாதிரி வரும். கருவியில் நிழல் விளைவைக் கொடுக்கவே வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடுகளையும் தவிருங்கள், துவைக்கத் துவைக்க முதலில் உரிவது அவைதான்.

நிரல் ஒரு வரிகூட எழுதாமல், கையால் செய்த கோப்பு ஒன்றைக் கொடுத்து ஒரு சட்டை அடித்து வாங்குங்கள். பத்து முறை துவையுங்கள். அதற்கு எப்படியும் மூன்று வாரம் பிடிக்கும். அந்த மூன்று வாரத்தில் ஆறாம் படியில் உள்ள பதிவு வேலைகளை முடித்துவிடலாம்.

2. எதை மாற்ற விடுவது, எதை விடக் கூடாது

எல்லாவற்றையும் மாற்ற விட்டால் வாடிக்கையாளர் திணறிப்போய் பக்கத்தை மூடிவிடுகிறார். என் முதல் பதிப்பில் 40 எழுத்துருக்கள், எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கும் வசதி, சாய்ப்பு, வளைப்பு எல்லாம் இருந்தன. இப்போது இரண்டு வகைச் சட்டை, ஆறு நிறம், மூன்று இடம், ஐந்து தமிழ் எழுத்துரு, அவ்வளவுதான். மூன்று இடம் என்றால் இடப்பக்க மார்பு, நடு மார்பு, முதுகு. ஒவ்வொன்றுக்கும் சென்டிமீட்டரில் அளவு நிர்ணயித்திருக்கிறேன். முதுகுக்கு 28 அகலம், இடப்பக்க மார்புக்கு 9.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. திரையில் ஒரே சட்டைப் படத்தைத்தான் காட்டுவீர்கள், ஆனால் குழு வாங்குவதோ ஆறு வயதுப் பிள்ளையின் சட்டையிலிருந்து 3எக்ஸ்எல் வரை. 28 சென்டிமீட்டர் எழுத்து சிறுவர் சட்டையில் அக்குளுக்குள் ஓடிவிடும். 3எக்ஸ்எல்லில் தபால்தலை மாதிரி நிற்கும். சிறுவர், பெரியவர் என்று இரண்டு அளவாவது பிரித்து வையுங்கள். அளவு அட்டவணையில் எஸ், எம், எல் மட்டும் போட்டால் போதாது. சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் எத்தனை சென்டிமீட்டர் என்று நீங்களே அளந்து போடுங்கள். ஒரு கம்பெனியின் எல், இன்னொன்றின் எம்.

குழுவாக வாங்குகிறவர்களை மறந்துவிடாதீர்கள். இங்கே சட்டை கேட்டு வருகிறவர்களில் தனியாள் குறைவு. பந்தல் குழு, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடும்ப தினம், புட்சால் குழு. ஒருவர்தான் வாட்ஸாப்பில் எல்லாரிடமும் பெயரும் அளவும் கேட்டுத் திரட்டுகிறார். அவர் 45 பேரை ஒவ்வொருவராகத் தட்ட மாட்டார். பட்டியலை அப்படியே ஒட்டினால் பெயர், அளவு, எண் என்று பிரித்துக்கொண்டு 45 சட்டைகளையும் சிறு படங்களாகக் காட்டும் வசதியைச் செய்யுங்கள். என் கருவியில் வேலை செய்து கொடுத்தவரிடம் நான் கேட்டு வாங்கியவற்றில் இதற்குத்தான் அதிகப் பயன்.

3. தமிழ் எழுத்து

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஆயிரம் வழிகாட்டிகள் இருக்கின்றன, இதற்குக் கிடைப்பது அரிது.

கணினி ‘சே’ என்பதைச் சேமிக்கும்போது முதலில் ச, அப்புறம் ஏகாரக் குறி என்ற வரிசையில்தான் வைக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. உலாவிகள் எல்லாவற்றிலும் அந்த நிரல் உண்டு, ஆகவே திரையில் எப்போதும் சரியாகத் தெரியும். ஆனால் வழங்கியில் (சர்வரில்) பிடிஎஃப் தயாரிக்கும் பல நிரல் நூலகங்களில் அது இல்லை. சேமித்த வரிசையிலேயே அடித்துவிடும். என் 60 சட்டைகளுக்கு நேர்ந்தது இதுதான். அச்சுக் கடையையும் குற்றம் சொல்ல முடியாது, கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. வந்த கோப்பை வந்தபடி அடித்தார்.

தீர்வு இரண்டு உண்டு. ஒன்று, வழங்கியிலும் உலாவியையே ஓட்டி அதைக் கொண்டு படம் எடுப்பது. திரை இல்லாமல் க்ரோமை ஓட்ட முடியும். மற்றொன்று, ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்தைக் கோக்கும் நிரலைக் கொண்டு எழுத்தை வெளிக்கோடாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றிவிடுவது. எதைச் செய்தாலும் சரி, கடைக்கு எழுத்தை எழுத்தாக அனுப்பாதீர்கள். அவர் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை நிரலில் திறப்பார். தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு அதில் போடப்படவில்லை என்றால் அங்கே உடையும். வெளிக்கோடாகவோ பிஎன்ஜியாகவோதான் போக வேண்டும்.

அடுத்தது எழுத்தை எண்ணுவது. ஜெர்சி முதுகில் 12 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரம்பு வைத்திருந்தோம். ‘கார்த்திகேயன்’ என்று ஒரு தம்பி தட்டினால் ‘பெயர் நீளம் அதிகம்’ என்று வந்தது. நம் கணக்கில் அது ஏழு எழுத்து: கா, ர், த், தி, கே, ய, ன். கணினியின் கணக்கில் 13, ஏனென்றால் காலும் புள்ளியும் விசிறியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. நிரல் எழுதும் ஆளிடம் ‘இன்டல் செக்மென்டர்’ (Intl.Segmenter) என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், அது நாம் எண்ணுவதைப் போலவே எண்ணும். க்ஷவையும் ஸ்ரீயையும் மட்டும் இரண்டாகப் பிரிக்கும். அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இதே பிரிப்பு வளைவு எழுத்திலும் எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும்போதும் தலைகாட்டும். திரையில் வரைய உதவும் ஃபேப்ரிக் போன்ற நூலகங்கள் வளைவில் எழுதும்போது சொல்லைத் துண்டு துண்டாக வரைகின்றன. துண்டு போடும் இடம் தப்பினால் புள்ளி ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகும். இதைச் சரிசெய்ய ஆளும் நேரமும் இல்லை என்றால் தமிழுக்கு வளைவையும் இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரே மாதிரி தெரியும் எழுத்து உள்ளே வேறாக இருப்பதும் உண்டு. ‘பொ’ என்பதைச் சிலர் ஒகரக் குறியாகவும், சிலர் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டியிருப்பார்கள். பழைய கோப்பிலிருந்து ஒட்டும் பட்டியல்களில் இது நிறைய. வாங்கியவுடன் என்எஃப்சி என்ற யூனிகோடு ஒழுங்குக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் ஔகாரத்தில் ள எழுத்தைத் தட்டியவர்களையும், காலுக்குப் பதில் ர போட்டவர்களையும் அது திருத்தாது. அவற்றை ஒரு ஆள்தான் பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு ஆணையையும் (ஆர்டரையும்) அச்சுக்கு முன் வாய்விட்டுப் படிக்கிறேன். கண்ணுக்குத் தப்புவது காதுக்குத் தப்பாது.

இங்கே பலருக்குத் தமிழ் தட்டத் தெரியாது. முரசு அஞ்சல் தட்டச்சு பழகியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். அதைத் தமிழாக்கித் தரும் வசதி வைக்கலாம், ஆனால் தானாக ஒன்றை முடிவுசெய்து போட்டுவிடக் கூடாது. ஆங்கில எழுத்தில் ‘kalai’ என்று வந்தால் அது கலையா, களையா, காலையா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? மூன்றையும் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எழுத்துரு விஷயத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கேடமரன், பவனம் ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சுத் தொழிலுக்கும் பயன்படுத்தலாம். அச்சகங்களில் புழங்கும் பழைய பாமினி வகை எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல, கருவிக்கு ஆகாது. இன்னொன்று: எழுத்துரு முழுதும் இறங்குவதற்கு முன்பே கருவி படம் வரைந்துவிட்டால் கைப்பேசியின் சொந்த எழுத்துருவில் அளவு கணக்காகிவிடும். இறங்கி முடியும்வரை காத்திருக்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, சோதனைச் சொற்கள். இவை அத்தனையும் ஒரே தாளில் அடித்துப் பாருங்கள்: தண்ணீர்மலை, சேவை, பொன்னி, கௌசல்யா, ஸ்ரீதேவி, லக்ஷ்மி, மூர்த்தி, எழு, மீனாட்சிசுந்தரம். மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படுகின்றனவா, நீண்ட பெயர் பாதியில் உடைந்து புள்ளி மட்டும் அடுத்த வரிக்குப் போகிறதா என்று பாருங்கள். திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துணியில் பாருங்கள்.

4. படம் ஏற்றும் இடம்

வாடிக்கையாளர் அனுப்பும் படத்தில் பாதிக்கு மேல் வாட்ஸாப்பில் சுற்றி வந்த படம். அது வழக்கமாக 1600 படப்புள்ளி (பிக்சல்) அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதை 28 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 145 புள்ளிதான் வரும். கடைகள் கேட்பது 300. முகம் உள்ள புகைப்படம் 150இல்கூடத் தாங்கும், சின்னமும் எழுத்தும் தாங்காது, விளிம்பு பல் பல்லாகத் தெரியும். அதனால் கருவியே கணக்குப் போட்டு ‘இந்தப் படத்தை 13.5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக்க முடியாது’ என்று சொல்ல வேண்டும். ‘தரம் குறைவு’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. சென்டிமீட்டரில் சொன்னால் உடனே புரிகிறது.

ஐஃபோன் வைத்திருப்பவர்களால் இரண்டு சிக்கல். அதன் படங்கள் ஹெச்இஐசி என்ற வகையில் வரலாம், ஏற்றும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஏ3 அளவை 300 புள்ளித் தரத்தில் வரைந்தால் 3508க்கு 4961, மொத்தம் 17.4 மில்லியன் புள்ளி. பல ஐஃபோன்களில் சஃபாரி வரையவிடும் உச்சம் 16.8 மில்லியன்தான். அதைத் தாண்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது, வெற்றுப் படம்தான் வரும். எனக்கு இப்படி மூன்று ஆணைகள் வெறும் கோப்பாக வந்தன. அச்சுக்கான பெரிய கோப்பைக் கைப்பேசியில் தயாரிக்காமல், வாடிக்கையாளர் செய்த மாற்றங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வழங்கியில் வரையுங்கள். ஆனால் மூன்றாம் படியில் சொன்ன இரண்டு தீர்வில் ஒன்றை வைத்துத்தான் வரைய வேண்டும்.

5. ஆயத்தமாக வாங்குவதா, ஆள் வைத்து எழுதுவதா

ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் என்ற இணையக் கடை அமைப்புகள் இரண்டுக்கும் ஆயத்த வடிவமைப்புச் செருகுநிரல்கள் உண்டு. மாதக் கட்டணம் கட்டி ஒரே வாரத்தில் கடையைத் திறந்துவிடலாம். ஆங்கிலப் பெயர் மட்டும் போதும் என்றால் அதையே எடுங்கள், யோசிக்க வேண்டாம். தமிழும் வேண்டும் என்றால், இலவசச் சோதனைக் காலத்திலேயே மேலே சொன்ன சோதனைச் சொற்களைத் தட்டி, அது தரும் அச்சுக் கோப்பை இறக்கிப் பாருங்கள். நான் பார்த்த நான்கில் ஒன்றுதான் தேறியது.

ஆள் வைப்பதாக இருந்தால் பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். முதலில் வந்தவருக்கு 3,000 ரிங்கிட் பேசி பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் அழகான முகப்பு வந்தது, கோப்பு வரவில்லை, அப்புறம் ஆளும் பேசவில்லை. 1,500 ரிங்கிட் போனது போனதுதான். இரண்டாவது ஆளிடம் வரிசையை மாற்றினேன். முதல் தவணை, சோதனைச் சொற்கள் துணியில் சரியாக வந்த பிறகு. இரண்டாவது, 45 பேர் பட்டியல் வேலை செய்த பிறகு. கடைசி, பணம் கட்டும் பகுதி ஓடிய பிறகு. மொத்தம் 4,800 ரிங்கிட் ஆனது. நிரலும், இணையப் பெயரும், வழங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. பதிவு, வங்கி, பணம் வாங்கும் வழி

இந்த மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நடக்கும். முந்தையது இல்லாமல் அடுத்தது நகராது.

வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். இணையத்தில் ஈஸிபிஸ் தளத்திலேயே செய்யலாம். அடையாள அட்டையில் உள்ள உங்கள் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. ஒரே தடவையில் ஐந்தாண்டு வரை கட்டிவிடலாம். வணிக விவரத் தாளுக்குத் தனியாக 10 ரிங்கிட், அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் கேட்பார்கள். இந்தத் தனியுரிமைப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வணிக வகையைக் குறிப்பிடும் இடத்தில் ‘ஆடை அச்சு’ மட்டும் எழுதாமல் இணைய விற்பனையையும் சேருங்கள். நான் விட்டுவிட்டேன், பணம் வாங்கும் நிறுவனம் திருப்பி அனுப்பியது, திருத்திக்கொண்டு வர ஒரு வாரம் போனது.

பதிவு வந்ததும் வணிகப் பெயரில் வங்கிக் கணக்கு. அதன் பிறகு எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் வழி), அட்டை, மின்பணப்பை எல்லாம் சேர்த்து வாங்கித் தரும் இடைநிறுவனம் ஒன்றில் விண்ணப்பம். அவர்கள் கேட்டவை: எஸ்எஸ்எம் சான்று, அடையாள அட்டை இரு பக்கமும், வங்கிக் கணக்கு அறிக்கையின் தலைப்புப் பகுதி, ஓடிக்கொண்டிருக்கும் இணையப் பக்கம். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். பக்கம் பாதி கட்டிய நிலையில் விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள். விலை, தொடர்பு எண், பணம் திருப்பும் விதி, தனியுரிமை அறிவிப்பு நான்கும் அதில் இருக்க வேண்டும். எனக்கு ஒப்புதல் வர 11 நாள் ஆனது.

எஃப்பிஎக்ஸுக்கு ஒரு பரிவர்த்தனைக்கு ஏறக்குறைய ஒரு ரிங்கிட் என்ற கணக்கில் பிடிப்பார்கள், அட்டைக்கு விழுக்காட்டில். 45 சட்டைக்கு எஃப்பிஎக்ஸ்தான் லாபம், அதை முதல் பொத்தானாக வையுங்கள்.

தனியுரிமை அறிவிப்பை 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. பள்ளிப் பிள்ளைகளின் பெயரும் புகைப்படமும் உங்களிடம் வந்து சேரும் என்பதை நினைவில் வையுங்கள். சட்டை கொடுத்து 60 நாளில் படங்களை அழித்துவிடும்படி அமைத்திருக்கிறேன்.

வீட்டில் இருந்தபடி ஆணை வாங்கி வெளியே அச்சுக்குக் கொடுப்பது ஒன்று, வீட்டிலேயே சூட்டு இயந்திரம் வைப்பது வேறு. இயந்திரம் வைப்பதாக இருந்தால் உங்கள் மாநகர் மன்றத்தில் உரிமம் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

7. உறுதி செய்யும் பக்கம்

மலேசிய மின்வணிக விதிமுறைகள்படி விற்பவரின் பெயர், பதிவு எண், மின்னஞ்சல், தொலைபேசி, அனுப்பும் செலவு சேர்ந்த முழு விலை எல்லாம் பக்கத்தில் தெரிய வேண்டும். வாங்குகிறவர் கடைசியாக உறுதி செய்வதற்கு முன் தன் தவறைத் திருத்திக்கொள்ள வழியும் கொடுக்க வேண்டும். பெயர் போடும் கருவிக்கு இந்த விதி நல்லதுதான். இதைக் கடமைக்கு ஒரு ‘சரி’ பொத்தானாக வைக்காதீர்கள்.

என் பக்கம் இப்படி: ஒவ்வொரு பெயரும் பெரிய எழுத்தில் தனித்தனி வரியில், பக்கத்தில் அளவும் நிறமும். கீழே அச்சுக்குப் போகும் அதே கோப்பின் படம். மாதிரிச் சட்டைப் படம் இங்கே கிடையாது. வழங்கியில் தயாரான கோப்பையே காட்டுவதால், கொம்பு இடம் மாறியிருந்தால் வாடிக்கையாளர் கண்ணிலேயே பட்டுவிடும். அந்தக் காலத்தில் நான் இதைச் செய்திருந்தால் 60 சட்டை தப்பியிருக்கும்.

‘பெயர் போட்ட பொருள், எதற்கும் பணம் திரும்பாது’ என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதங்களை இப்படி எழுதி நீக்க முடியாது. நான் போட்டிருப்பது: நீங்கள் தட்டிய எழுத்திலோ தேர்ந்த அளவிலோ தவறு என்றால் மாற்ற இயலாது; அச்சில், நிறத்தில், துணியில் குறை என்றால் எங்கள் செலவில் வேறு சட்டை. நிறத்தைப் பற்றி ஒரு வரி கட்டாயம் சேருங்கள், திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் துணியில் கொஞ்சம் அடங்கித்தான் வரும்.

அனுப்பும் செலவைக் கணக்கிடும்போது சபா, சரவாக்கைத் தனி விலையாக வையுங்கள். நாடு முழுதும் ஒரே விலை என்று போட்டுவிட்டு சரவாக்கின் கூச்சிங்கிலிருந்து 30 சட்டைக்கு ஆணை வந்தால் உங்கள் லாபம் அதிலேயே போய்விடும்.

8. யார் படத்தை அடிக்கிறோம்

பந்துக் கழகச் சின்னம், கார்ட்டூன் பாத்திரம், நடிகர் படச் சுவரொட்டி, இந்த மூன்றும் வந்துகொண்டே இருக்கும். ‘அவர்தானே ஏற்றினார்’ என்று சொல்லித் தப்ப முடியாது. அடித்து விற்பது நீங்கள். 1987 பதிப்புரிமைச் சட்டமும் 2019 வணிகச் சின்னச் சட்டமும் உங்களைத்தான் கேட்கும். நாட்டின் அரசுச் சின்னம் போன்றவற்றை வணிகத்தில் போட 1963இலிருந்தே தனிச் சட்டத் தடை இருக்கிறது. சட்டையில் அச்சிடுவதும் வெளியீடாகக் கருதப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015இல், தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பேரணியின் பெயரான ‘பெர்சே 4’ அச்சிட்ட மஞ்சள் ஆடைகளுக்கு உள்துறை அமைச்சு தடை போட்டது. எனவே பணம் வந்தவுடன் கோப்பு நேராகக் கடைக்குப் போகும்படி அமைக்காதீர்கள். நடுவில் ஓர் ஆள் பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு நாள் தாமதமாகும், பரவாயில்லை.

உங்கள் கடைப் பெயர் நிலைத்த பிறகு வணிகச் சின்னமாகப் பதிய நினைத்தால் மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் ஒரு வகைக்கு 950 ரிங்கிட்டிலிருந்து ஆகும். ஆடைக்கு 25ஆம் வகை. முதல் ஆண்டிலேயே இதற்கு ஓட வேண்டாம்.

9. எப்போது திறப்பது

பினாங்கில் நம் ஆணைகள் தைப்பூசம், பள்ளி விளையாட்டுப் போட்டி, தீபாவளி ஆகிய மூன்று பருவத்தில் குவியும். தைப்பூசத்துக்கு அருகில்தான் சீனப் பெருநாளும் வரும். 2025இல் சீனப் பெருநாள் ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. வெறுஞ்சட்டை மொத்த வியாபாரிகளும் பல அச்சுக் கடைகளும் அந்த நடுவில் ஒரு வாரம், பத்து நாள் மூடிவிட்டார்கள். திறந்த பிறகு எல்லாருடைய வேலையும் ஒன்றாக வந்து நின்றது. என் 60 சட்டையும் அந்த நெரிசலில்தான் யாரும் பார்க்காமல் அடித்து வந்தன. 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1இல், சீனப் பெருநாள் 17இல் என்று முன்பின் மாறியது. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு தேதியையும் அடுத்தடுத்து எழுதி வைத்துப் பாருங்கள். பெருநாள் முந்தி வந்தால், கருவியில் ஆணை வாங்கும் கடைசித் தேதியை அதற்கும் இரண்டு வாரம் முன்னால் வைத்து, அதன் பிறகு வருகிறவருக்கு ‘தைப்பூசத்துக்குள் கிடைக்காது’ என்று பக்கமே சொல்லிவிட வேண்டும்.

திறப்பதற்குச் சரியான காலம் பருவங்களுக்கு இடையில் வரும் மந்தமான மாதம். மாற்றிய கருவியை நான் அப்படி ஒரு மாதத்தில்தான் திறந்தேன். முதல் பத்து ஆணைகளைத் தெரிந்தவர்களுக்கு அடக்க விலையில் கொடுத்து, அவர்கள் கைப்பேசியில் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு அக்கா பெயரைத் தட்டிவிட்டு, அளவு கேட்கும் பெட்டி விசைப்பலகைக்குப் பின்னால் மறைந்திருந்ததால் கீழே உருட்டத் தெரியாமல் மூன்று நிமிடம் காத்திருந்தார். பெட்டியை மேலே ஏற்றியது அரை மணி நேர வேலை.